மீன் வயிற்றில் கிடைத்த சான்றுகள்



வரலாறு எவற்றைக் கொண்டு எழுதப்படுகிறது என்று உங்களைக் கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி, அயல்நாட்டுப் பயணிகளின் குறிப்பு என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவீர்கள். அவ்வரிசையில் மீனின் வயிற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால் நகைப்பீர்கள். ஆயினும், மீனின் வயிற்றில் கிடைத்த ஒரு நூலை ஒரு பல்கலைக்கழகமே கூடி நின்று பார்த்ததுண்டு. சுறாவின் வயிற்றில் கிடைத்த தாள்களை ஒரு நீதிமன்றம் சான்றாக ஏற்றதுண்டு. அத்தகைய சில நிகழ்ச்சிகளை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கதை கேட்கும் இன்பத்திற்காக மட்டும் அன்று. சான்று என்பது யாது, அதனை எவ்வாறு எடைபோடுவது என்னும் கேள்விக்காகவும் சொல்லுகிறேன்.

கடலில் தூண்டில் போடுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் அகப்பட்ட மீனின் குடலை உடனே கீறிப் பார்ப்பார்கள். உள்ளே இறால் இருந்தால் இறாலையும், சிறு நண்டு இருந்தால் நண்டையும் அடுத்த இரையாகக் கோப்பார்கள். மீன் எதை உண்கிறது என்பதை மீனிடமே கேட்டறியும் வழி அது. அவ்வாறு கீறும்போது சில வேளைகளில் எதிர்பாராத பொருள்களும் வெளிப்படும். கூழாங்கல், கயிற்றுத் துண்டு, வேறொருவர் இழந்த தூண்டில் முள், ஆணி, காசு என்று பலவும் கிடைப்பதுண்டு.

மீன் ஏன் இவற்றை விழுங்க வேண்டும்? வேட்டையாடி உண்ணும் மீன்களுக்குச் சிறுமீனின் செதிலில் தெறிக்கும் ஒளியே இரையின் அடையாளம். நீரில் புரண்டு விழும் உலோகத் துண்டும் அவ்வாறே மின்னும். கடித்துச் சுவைத்துப் பார்ப்பதற்குள் அதனை வேறொரு மீன் பறித்துக்கொள்ளும். ஆகவே முதலில் விழுங்குவது, ஒவ்வாததைப் பின்னர் உமிழ்வது என்பதே அவற்றின் இயல்பு. சுறாவின் இரைப்பையிலிருந்து குடலுக்குச் செல்லும் வழி மிகக் குறுகியது. செரியாத பெரும்பொருள் அவ்வழியே செல்ல இயலாது. சுறா அதனைக் கக்கும்வரை அது இரைப்பையிலேயே தங்கியிருக்கும். இவ்வியற்கையை நினைவில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போகும் செய்திகளில் எதனை நம்பலாம், எதனை ஐயுறலாம் என்பது ஓரளவு விளங்கும்.

மிகப் பழைய கதை கிரேக்க நாட்டினது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் சாமோஸ் என்னும் தீவைப் பொலிகிராத்தீஸ் என்பவன் ஆண்டான். தொட்டதெல்லாம் அவனுக்கு வெற்றியாயிற்று. அவனுடைய நண்பனாகிய எகிப்திய மன்னன் அமாசிஸ் இதனைக் கேட்டு மகிழவில்லை, அஞ்சினான். இடையறாத நற்பேறு இறுதியில் பெருங்கேட்டில் முடியும்; ஆகவே உனக்கு மிக அருமையான பொருளை நீயே எறிந்துவிடு என்று அவனுக்கு எழுதினான். பொலிகிராத்தீஸ் நடுக்கடலுக்குச் சென்று, பொன்னில் பதித்த தன் மரகத முத்திரை மோதிரத்தை எறிந்தான். ஐந்தாறு நாள் சென்றபின் மீனவன் ஒருவன் மிகப் பெரிய மீன் ஒன்றைப் பிடித்தான். இது சந்தைக்குரியதன்று, அரசனுக்குரியது என்று அரண்மனைக்குக் கொண்டு வந்தான். ஏவலர் மீனை அறுத்தபோது உள்ளே அந்த மோதிரம் கிடந்தது. செய்தி அறிந்த அமாசிஸ், விதியை எவராலும் மாற்ற இயலாது என்று கூறி நட்பை முறித்துக்கொண்டான். பின்னர்ப் பாரசீக ஆளுநன் ஒருவனுடைய சூழ்ச்சியால் பொலிகிராத்தீஸ் கொடிய சாவு எய்தினான்.

இக்கதையை எழுதியவர் வரலாற்றின் தந்தை எனப்படும் எரோடோட்டஸ். ஆனால் அவருடைய நூலிலேயே வேறொரு செய்தியும் இருக்கிறது. எகிப்தின்மீது படையெடுத்த பாரசீக வேந்தன் காம்பிசசுக்குக் கப்பல்கள் அனுப்பியவன் இதே பொலிகிராத்தீஸ்தான்! அவ்வாறாயின் நட்பை முறித்தவன் அமாசிஸா, பொலிகிராத்தீஸா? அரசியல் பகையை மறைக்க வந்த கதையோ இம்மோதிரக் கதை என்று ஆய்வாளர் ஐயுறுவர். மேலும், எரோடோட்டஸ் மரகதம் என்று சொன்ன கல், கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிய நூலில் வேறோர் இனக் கல்லாக மாறிவிடுகிறது. உரோம நகரத்துக் கோயில் ஒன்றில் இதுவே பொலிகிராத்தீசின் கல் என்று ஒன்றைக் காட்டி வந்தார்கள் என்றும் பிளினி கூறுகிறார். கதை புகழ்பெற்றுவிட்டால், அதற்குரிய பொருளும் எங்கிருந்தேனும் வந்து சேர்ந்துவிடும். வரலாறு கற்போர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய உண்மை இது.

ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரத்தின் சின்னத்தில் வாயில் மோதிரம் கவ்விய மீன் ஒன்று இன்றும் காணப்படுகிறது. அரசி ஒருத்தி இழந்த மோதிரத்தை ஆற்று மீனின் வயிற்றிலிருந்து மீட்டு, அவளைச் சாவினின்றும் காத்தார் என்று அந்நகரத்துப் புனிதர் மங்கோவைப் பற்றிச் சொல்லும் கதையே அதற்கு மூலம். இவை யாவும் நம்பிக்கையின் பாற்பட்டவை. நேரில் கண்டவர் எழுதி வைத்த சாட்சியம் இவற்றுக்கு இல்லை.

இனி, சாட்சியம் உள்ள நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். ஆண்டு 1626; நாள் சூன் 23. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்துச் சந்தை. லின் துறையிலிருந்து வந்த காட் என்னும் பெருமீனை மீன்காரி ஒருத்தி தன் கடைப்பலகையில் வைத்துத் தலையை வெட்டினாள். தலையோடு தொங்கிய இரைப்பை எதனாலோ புடைத்திருப்பதைக் கண்டு, அதனைத் திறந்து பார்த்தார்கள். பாய்த்துணியில் சுற்றப்பட்ட சிறிய நூல் ஒன்று உள்ளே இருந்தது. அட்டையும் ஏடுகளும் மீனின் வயிற்று நீரால் கெட்டிருந்தன. எழுத்துகளோ படிக்கும் நிலையில் இருந்தன. நூல் பல்கலைக்கழகத் துணைவேந்தரிடம் கொண்டு செல்லப்பட்டது.

கிறிஸ்து கல்லூரியின் அறிஞராகிய ஜோசப் மீட் என்பவர் இதனைப்பற்றித் தம் நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். மாணவர்களே, அக்கடிதத்தில் அவர் கைக்கொண்ட முறையைக் கவனியுங்கள். மீனையும் இரைப்பையையும் பாய்த்துணியையும் நூலையும் தம் கண்ணால் கண்டதாகச் சொல்லுகிறார். ஆனால் இரைப்பையைத் திறந்த கணத்தில் தாம் அங்கு இல்லை, அதனைத் தாம் காணவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். தாம் கண்டது இது, பிறர் சொல்லக் கேட்டது இது என்று கோடு கிழித்துக் காட்டும் அந்த நேர்மையினாலேயே, நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் நாம் அவரை நம்புகிறோம். அந்த நூல் வீசிய நாற்றத்தை அருகிருந்து முகர்ந்தவர் எவரும் இதனைப் புரட்டு என்று சொல்லார் என்னும் பொருள்பட அவர் எழுதியிருப்பதும் சுவையானது. அறிஞரின் மூக்கும் அன்று சாட்சி சொல்லிற்று!

அந்நூலில் இருந்தவை சமயக் கட்டுரைகள். சமயக் கொள்கைக்காக 1533ஆம் ஆண்டில் இலண்டனில் எரித்துக் கொல்லப்பட்ட ஜான் பிரித் என்பவரே அவற்றை எழுதியவர் என்று அன்று கருதினார்கள். அந்தப் பிரித், இளமையில் ஆக்ஸ்போர்டில் உப்புமீன் இட்டுவைக்கும் நிலவறையில் சிறை வைக்கப்பட்டிருந்தவர். மீன் நாற்றத்தில் வாடியவரின் நூலை மீனே கொண்டுவந்து தந்தது என்று மக்கள் வியந்தார்கள். 1627இல் அக்கட்டுரைகள், மீனின் குரல் என்று பொருள்படும் இலத்தீன் தலைப்போடு மீண்டும் அச்சாயின. ஆனால் பிற்கால ஆய்வாளர், அத்தொகுதியின் முதன்மைக் கட்டுரை பிரித் எழுதியதன்று, ரிச்சர்டு டிரேசி என்பவர் எழுதியது என்று காட்டினார்கள். இதில் ஒரு பாடம் உண்டு. நூல் மீனின் வயிற்றில் இருந்தது என்பதற்கு மீன் சான்று. நூலை எழுதியவர் யார் என்பதற்கு மீன் சான்றாக முடியாது. ஒரு சான்று எதனை நிறுவுகிறது, எதனோடு நின்றுவிடுகிறது என்று அறிவதே ஆராய்ச்சியின் தொடக்கம்.

அடுத்த நிகழ்ச்சி நீதிமன்றத்தைச் சேர்ந்தது. 1799ஆம் ஆண்டில் பிரிட்டன், பிரான்சோடும் அதன் நட்பு நாடுகளோடும் போர் புரிந்துகொண்டிருந்தது. மேற்கிந்தியத் தீவுக் கடலில் எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிப்பது பிரிட்டிஷ் கடற்படையின் பணி. பிடிபட்ட கப்பல் எதிரியுடையது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அதன் விலையில் பிடித்தவர்களுக்குப் பங்கு உண்டு. நடுநிலை நாட்டுக் கப்பல் என்று நிறுவப்பட்டால் விட்டுவிட வேண்டும். ஆகவே எதிரியின் சரக்கை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் நடுநிலை நாட்டுக் கப்பல்கள் போலப் பொய்த்தாள்கள் வைத்துக்கொள்வது அக்காலத்தில் மிகுதி.

நான்சி என்னும் இருபாய்மரக் கப்பல் அவ்வாண்டு சூலை 3ஆம் நாள் அமெரிக்காவின் பால்டிமோர் துறையிலிருந்து டச்சுத் தீவாகிய குராசோவுக்குப் புறப்பட்டது. அதன் தலைவன் பெயர் தாமஸ் பிரிக்ஸ். ஆகஸ்டு 28ஆம் நாள் ஹியூ வைலி என்பவரின் கீழிருந்த ஸ்பாரோ என்னும் சிறு போர்க்கப்பல் அதனைப் பிடித்து ஜமைக்காவுக்கு அனுப்பிற்று. கிங்ஸ்டன் நகரக் கடல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. கப்பல் நடுநிலை நாட்டினது, வழக்கைத் தள்ளிச் செலவுத்தொகையும் தரவேண்டும் என்று பிரிக்ஸ் ஆணையிட்டு உரைத்தான். அவன் காட்டிய தாள்களும் அவ்வாறே சொல்லின.

நான்சி பிடிபட்டு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்டு 30 அன்று, ஹெயிட்டித் தீவின் ஜாக்மெல் கரைக்கு அப்பால் மைக்கேல் பிட்டன் என்னும் கடற்படை அதிகாரியின் கப்பல் சென்றுகொண்டிருந்தது. இறந்த மாடு ஒன்று கடலில் மிதக்க, அதனைச் சுறாக்கள் சூழ்ந்திருந்தன. மாலுமிகள் சுறா ஒன்றைப் பிடித்து மேல்தளத்தில் ஏற்றி வயிற்றைக் கிழித்தார்கள். உள்ளே காகிதக் கட்டு ஒன்று இருந்தது. பிட்டன் அதனை உலர்த்திப் பார்த்தார். நான்சி என்னும் கப்பலைப் பற்றிய தாள்கள் அவை. சின்னாள் கழித்து வைலியும் பிட்டனும் சந்தித்தபோது, தாம் பிடித்த கப்பலைப் பற்றி வைலி கூற, அக்கப்பலின் தாள்கள் தம்மிடம் உள்ளன என்று பிட்டன் கூற, இருவரும் வியந்தனர். பிடிபடுவது உறுதி என்றானபோது பிரிக்ஸ் கடலில் எறிந்த உண்மைத் தாள்களைச் சுறா விழுங்கியிருந்தது!

தாள்கள் கிங்ஸ்டனுக்கு வந்தன. பிட்டன் ஆணையிட்டுச் சாட்சியம் அளித்தார். 1799 நவம்பர் 25 அன்று கப்பலும் சரக்கும் பறிமுதலுக்கு உரியன என்று தீர்ப்பாயிற்று. அத்தாள்கள் பிற்காலத்தில் ஜமைக்கா நிறுவனத்தின் தொகுப்பில் இடம்பெற்றன. சுறாத்தாள்கள் என்றே அவற்றுக்குப் பெயர்.

இங்கே நாம் வழக்கறிஞர் போல ஒரு வினா எழுப்ப வேண்டும். கப்பல் எதிரியுடையது என்று தீர்ப்பானால் பணம் பெறுவோர் கடற்படையினர். சுறாவின் கதையைச் சொன்னவரும் கடற்படையினர். இதனை எவ்வாறு நம்புவது? அதற்கு விடை உண்டு. நான்சி கப்பலிலேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்த வேறு தாள்களும் தேடிக் கண்டெடுக்கப்பட்டன. ஒன்றையொன்று அறியாத இரண்டு வழிகளில் வந்த சான்றுகள் ஒரே முடிபைச் சொல்லின. யார் கண்டார், யாருக்கு ஆதாயம், வேறு சான்று துணை நிற்கிறதா என்னும் மூன்று வினாக்களையும் எப்போதும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

1935ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூஜி கடற்கரைக் காட்சிக்குளத்தில் விடப்பட்டிருந்த புலிச்சுறா ஒன்று ஏப்ரல் 25ஆம் நாள் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு மனிதனின் கையைக் கக்கியது. மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தது. கையில் இரு குத்துச்சண்டை வீரரின் உருவம் பச்சை குத்தியிருந்தது. அதனைக் கொண்டும் விரல்ரேகையைக் கொண்டும் இறந்தவன் யார் என்று காவல்துறை கண்டது. சுறா கடித்த கை அன்று அது. கத்தியால் அறுத்த கை என்று மருத்துவர் உரைத்தனர். ஆயினும், உடல் கிடைக்காமல் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு சாவு விசாரணை நடத்த இயலாது என்று உயர்ந்த நீதிமன்றம் தடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலை பெற்றான். கொலை செய்தவர் யார் என்பது நிறுவப்படவே இல்லை. கேம்பிரிட்ஜ் மீன் சொன்னது போலவே, இச்சுறாவும் தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லிற்று.

இதுவரை மீன் சொன்னதைக் கேட்டோம். மீன் பிடித்தவர் சொன்னதைக் கேட்டோமா? சற்றே திரும்பிப் பாருங்கள். பொலிகிராத்தீசின் பெயர் தெரியும். மீனைக் கொண்டுவந்தவன் பெயர் தெரியாது. ஜோசப் மீட்டின் பெயர் நிற்கிறது. புடைத்த இரைப்பையைத் தன் பலகையில் வைத்திருந்த மீன்காரியின் பெயர் நாம் அறிந்த கதையில் இல்லை. பிட்டனின் பெயர் நிற்கிறது. சுறாவை இழுத்து ஏற்றிய மாலுமிகள் வெறும் மாலுமிகளே. கண்டெடுத்தவர் ஒருவர், சாட்சியாக ஏற்கப்பட்டவர் வேறொருவர்.

இதனை நம் நாட்டுக் கவிஞன் ஒருவன் நன்கு உணர்ந்திருந்தான். சகுந்தலையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. அங்கே மோதிரமே இல்லை; வானொலி எழுந்து துஷ்யந்தனுக்கு உண்மை உரைக்கிறது. மோதிரத்தையும் மீனையும் கதைக்குள் கொண்டுவந்த நாடகம் காளிதாசனுடையது. அந்நாடகத்தில் மீனவன் ஒருவன் தான் அறுத்த மீனின் வயிற்றில் அரச முத்திரை பொறித்த மோதிரத்தைக் காண்கிறான். விற்கப் போன இடத்தில் காவலர் அவனைப் பிடித்துக் கைகளைக் கட்டுகிறார்கள். அவன் உண்மையைச் சொல்லுகிறான். அவர்கள் அவனுடைய தொழிலை எள்ளி நகையாடுகிறார்கள். மோதிரம் அரசனிடம் சென்று, அரசன் பரிசளித்த பின்னரே அவன் கள்வன் அல்லன் ஆகிறான். வானொலியை நம்பிய உலகம், வலைஞன் மொழியை நம்ப ஓர் அரசனின் கண்ணீர் வேண்டியிருந்தது.

இந்நாடகத்தை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தக் காவலர்களைப் பார்த்து மாணவர்களோடு சேர்ந்து நகைத்துமிருக்கிறேன். ஆனால் நானே ஒருமுறை அக்காவலர் இடத்தில் நின்றேன் என்பதை இன்று சொல்லாவிடின், இவ்வுரை நேர்மையுடையதாகாது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிது. கடற்கரையை அடுத்த ஓர் ஊரின் பள்ளி. ஏழாம் வகுப்பில் வலைஞர் குடியைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் இருந்தான். ஒருநாள் அவன் கையில் உலோகத்தாலான பேனா மூடி ஒன்று பளபளத்தது. அந்த வாரம் எங்கள் ஆசிரியர் ஒருவரின் பேனா காணாமற் போயிருந்தது. “இது ஏது?” என்று கேட்டேன். “களவா மீன் வயிற்றுக்குள்ளே இருந்தது, ஐயா. அப்பா அறுக்கும்போது கிடைத்தது” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சினந்தேன். மூடியைப் பறித்து மேசைக்குள் பூட்டிவிட்டு, “நாளைக்கு உன் அப்பாவை அழைத்து வா” என்றேன்.

மறுநாள் தந்தையார் வந்தார். கடலிலிருந்து நேரே வந்தவர் போலும். வேட்டியின் ஓரம் ஈரமாக இருந்தது. “பையன் பொய் சொல்லமாட்டான், ஐயா. மீன் எதையும் விழுங்கும். இன்னொரு நாள் இருந்திருந்தால் அதைத் துப்பியிருக்கும், எங்களுக்குக் கிடைத்திருக்காது” என்றார். அவர் சொன்னது விலங்கியல். நான் அதனைச் சாக்குப்போக்கு என்று எண்ணினேன். நான்கு நாள் கழித்து ஆசிரியரின் பேனா அவருடைய வீட்டிலேயே, மூடியோடு, ஒரு புத்தகத்துக்கு நடுவே கிடைத்தது.

மூடியைச் சிறுவனிடம் திருப்பிக் கொடுத்தேன். ஓய்வறையின் வாயிலில் தனியே அழைத்துக் கொடுத்தேன். வகுப்பின் முன் குற்றம் சாட்டியவன், வகுப்பின் முன் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. “வேண்டாம், ஐயா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவ்வாண்டின் இறுதியில் பள்ளியை விட்டும் போய்விட்டான். அதற்கு என் செயல்தான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. காரணம் அன்று என்றும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுகிறேன். பொருள் என் கையில் இருந்தது. சாட்சி என் முன் நின்றது. துணைச் சாட்சியும் மறுநாள் வந்தது. ஆசிரியர் ஒருவர் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். சான்றை நான் எடைபோடவில்லை, சொன்னவரை எடைபோட்டேன்.

மீனை அறிந்தவர் சொல்லுக்கு மதிப்பளித்தால் அறிவு எவ்வளவு வளரும் என்பதற்கு அறிவியல் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வட அட்லாண்டிக் கரையோரத்துச் சிப்பி ஆய்வாளர்கள், தம் வலைக்கு எட்டாத ஆழத்துச் சிப்பிகளைக் காட் மீனின் வயிற்றிலிருந்தே பெற்றார்கள். 1899இல் ரைபிஷ் என்னும் ஜெர்மானியர், மீனின் காதினுள் உள்ள சிறு கல்லில் மரத்தின் ஆண்டு வளையம் போன்ற வளையங்கள் இருப்பதைக் கொண்டு அதன் வயதைக் கணித்தார். அச்செவிக்கல் எளிதில் கரையாது. ஆகவே பெருமீனின் வயிற்றில் கிடக்கும் செவிக்கல்லைக் கொண்டே, அது விழுங்கிய சிறுமீன் எவ்வினத்தது என்று இன்று ஆய்வாளர் சொல்லிவிடுகின்றனர்.

நம் மேற்குக் கடற்கரை மக்களின் உணவாகிய மத்தி மீன் சில ஆண்டுகளில் கடல் கொள்ளாமல் வரும். சில ஆண்டுகளில் வலை வறண்டுபோகும். இதன் காரணத்தைத் தேடியவர்கள் மத்தியின் இரைப்பையையே நாடினார்கள். சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னலும் இராமசாமி நாயுடுவும் 1920களில் மத்தியின் வாழ்க்கையையும் கடலின் நுண்ணுயிர்களையும் இணைத்து ஆராய்ந்தனர். அதன்பின், மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வேலப்பன் நாயரும் சுப்பிரமணியனும் 1955இல் ஒரு முடிபை வெளியிட்டனர். பிராகிலேரியா ஓசியானிகா என்னும் நுண்பாசி கடலில் பெருகுவது, மத்தி மிகுதியாக வருவதற்கு அறிகுறி என்பதே அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி ஆயிரமாயிரம் குடும்பங்களின் உலையை ஏற்றுவதையும் அணைப்பதையும் மீனின் வயிறு சொல்லிற்று.

அந்த வயிறு இன்று வேறொன்றையும் சொல்லுகிறது. 1972இல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஆராய்ந்த கார்ப்பெண்டர் முதலியோர், தாம் பார்த்த 14 வகை மீன்களில் 8 வகையின் வயிற்றில் சிறு பிளாஸ்டிக் மணிகளைக் கண்டனர். அதன்பின் உலகின் எல்லாக் கடல்களிலும், நம் வங்கக் கடலிலும், மீனின் வயிற்றில் பிளாஸ்டிக் துணுக்குகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. பாய்த்துணியில் சுற்றிய நூலை விழுங்கிய மீனுக்கு அது ஒருநாள் விபத்து. இன்றைய மீனுக்கு இது அன்றாட உணவு. நெகிழிப் பை கிடக்கிறது, நைலான் வலைத்துண்டு கிடக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் கரையில் மீன் அறுக்கும் பெண்களும் தூண்டில்காரர்களும் ஆவர். அவர்களுடைய சொல்லை நாம் எத்துணை விரைவில் கேட்டோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிரிக்ஸ் தன் தாள்களைக் கடலில் எறிந்தபோது, அத்துடன் ஒழிந்தது என்று எண்ணினான். கடல் அவற்றை நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைத்தது. நாமும் வேண்டாதவற்றைக் கடலில் எறிந்துவிட்டு ஒழிந்தது என்று எண்ணுகிறோம். நம்மைப் பற்றிய வரலாற்றை எழுதப்போகும் பிற்காலத்தார் நம் கல்வெட்டுகளை மட்டும் படிக்கமாட்டார்கள். மீன் வயிற்றையும் திறந்து பார்ப்பார்கள். அங்கே அவர்கள் காண்பது நம் கையெழுத்தாக இருக்கும்.

மாணவ மாணவியரே, உங்களுள் பலர் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் நீதிபதியாகவும் வருவீர்கள். உங்கள் முன் ஒருவர் நம்பற்கரிய செய்தி ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். உடனே நம்பிவிடவும் வேண்டாம். உடனே நகைத்துவிடவும் வேண்டாம். மீட் செய்ததுபோல், கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துப் பாருங்கள். நான்சி வழக்கில் செய்ததுபோல், துணைச் சான்று தேடுங்கள். சொல்லுகிறவரின் வேட்டி ஈரமாக இருக்கிறதே என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். பேனா மூடி ஒன்று இன்றும் என் மேசையில் இருக்கிறது. எழுதுவதற்கு அது பயன்படாது. எழுத உட்காரும்போதெல்லாம் அதனைப் பார்த்துக்கொள்கிறேன்.